நான் படமெடுக்காத பக்கம்

ஜனவரி 14

மகள் ஜூனிக்குப் பல் முளைக்கிறது. இரவெல்லாம் அழுகை. காலையில் டெல்ஃபின் அண்ணி வந்து அவளை வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"போ ப்ரொஃபசரம்மா, போய் வெள்ளைக்காரன் எழுதினதைப் படி. இவ மூக்கை நான் தொடைக்கிறேன்."

என் கணவன் க்ளிண்டின் அக்கா. அவர் இல்லையென்றால் என் ஆய்வேடே இல்லை.

வியாழன் கருத்தரங்குக்கான கட்டுரை முடியவில்லை. எல்லாம் ஒரே கடிதத்தைச் சுற்றித்தான். 1908, பூர்வகுடிகளான எங்களை ஒதுக்கி வைத்த ரிசர்வுக்கு அரசு முகவராக இருந்தவன் மேலதிகாரிக்கு எழுதியது. அவன் கையெழுத்திட்ட பாஸ் இல்லாமல் எங்கள் ஆட்கள் எல்லையைத் தாண்ட முடியாத காலம். அரசு தடைசெய்த எங்கள் சடங்கு நடனம் எந்தப் பள்ளத்தில் நடக்கப்போகிறது என்று ஒருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார். பதிலுக்குப் பத்து நாள் பாஸ் கேட்டிருக்கிறார். பெயர் ஜோசையா லாங்கிராஸ்.

அண்ணிக்கும் க்ளிண்டுக்கும் அம்மாவின் தாத்தா. ஜூனிக்கும் அந்த ரத்தம்தான்.

பெயரைப் போடலாமா? பெயரில்லாத சான்றை யார் மதிப்பார்கள்? அண்ணியிடம் கேட்க வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 15

கேட்கவில்லை.

ஜனவரி 16

கருத்தரங்கில் கைதட்டினார்கள். திரையில் ஜோசையாவின் பெயர் அரையடி உயரத்துக்கு நின்றது. "ஒரு பாஸ் போதும், சாம்ராஜ்யத்துக்கு ஓர் ஒற்றன் கிடைத்துவிடுவான்" — எவ்வளவு பெருமையோடு எழுதிய வரி — அதை வாசித்து நிறுத்தியபோது கடைசி வரிசையிலிருந்து "ம்மா" என்று குரல்.

அண்ணி. மடியில் ஜூனி. என்னிடம் சொல்லாமல், என் பேச்சைக் கேட்க, விசேஷத்துக்குப் போடும் மணிக் காதணி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

தாழ்வாரத்தில் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

"அவரு யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி."

"எப்பலருந்து?"

"அக்டோபர்."

"அக்டோபர்லருந்து என் அடுப்பங்கரையில உக்காந்து மூஸ்மான் சூப்பு குடிச்சிட்டு இருந்திருக்க." கோட்டு ஜிப்பை இழுத்தார், மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டார். "எங்க பேரை எழுதிக்க அந்த முகவருக்காவது சம்பளம் குடுத்தாங்க. உனக்கு என்னடி குடுத்தாங்க?"

பதில் இருந்தது. கைதட்டல். சொல்லவில்லை.

ஜனவரி 20

அண்ணி வரவில்லை. க்ளிண்ட் வேலைக்கு லீவு போட்டான். "நீ பண்ணது தப்பு. அவ போனை எடுக்காததும் தப்பு. நடுவுல நான் டயப்பர் மாத்திட்டு இருக்கேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அழுதேன்.

ஜனவரி 23

கட்டுரையை இதழுக்கு அனுப்பச் சொல்கிறார் பேராசிரியர். அடிக்குறிப்பு சரிபார்க்க உட்கார்ந்தேன். ஆவணக் காப்பகத்தில் நான் எடுத்த படத்தில் கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. ஏன் இல்லை? எந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல் முடியும்?

தாளைத் திருப்பவே இல்லை நான். அக்டோபரில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்த நிமிடம் க்ளிண்ட் கூப்பிட்டான், ஜூனிக்கு முப்பத்தொன்பது டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்று. ஓடிவிட்டேன். முதலாமாண்டு மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது: தாளின் பின்பக்கத்தைப் பார்.

ஜனவரி 28

காப்பகம் போனேன். பின்பக்கத்தில் ஏழு வரி.

எங்கள் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய் வைத்த விடுதிப் பள்ளியில் மகளுக்கு இருமல் என்று கேள்விப்பட்டு, அவளை வீட்டுக்கு அழைத்துவரத்தான் பாஸ் கேட்டாராம். அவள் முந்தின நாளே இறந்துவிட்டாள் என்று முகவருக்குத் தந்தி வந்துவிட்டதாம். நடனம் நடக்கும் இடத்தைச் சொல்லும்வரை அவரிடம் அதைத் தெரிவிக்கவில்லை என்று எழுதியிருக்கிறான் முகவர். தன் சாமர்த்தியத்தை மேலதிகாரி மெச்ச வேண்டும் என்ற தொனி.

அவர் காட்டிக்கொடுத்தது பொய்யாகிவிடவில்லை. ஆனால் எதற்காக என்று நான் கேட்டேனா? காரணத்தை நானே எழுதிக்கொண்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் ஓடியபோது வாசலில் என்னிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை.

அண்ணியிடம் எப்படிச் சொல்ல? இன்னொரு தடவை அவர் வீட்டுச் சாவை நான் கண்டுபிடித்துக்கொண்டு போய் நிற்கவா?

பிப்ரவரி 2

போனேன். இடுப்பில் ஜூனி. அண்ணி பேனக் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தார்.

"பொண்ணு பேரு?"

"இதுல இல்ல அண்ணி. பள்ளிக்கூட நம்பர் மட்டும். பதினேழு."

முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"அந்த நடனத்துல எத்தனை பேரைப் புடிச்சாங்க?"

"நாலு பேரை."

"அதையும் மறைக்காத. ரெண்டு பக்கமும் எழுது. மொதல்ல எங்கம்மாகிட்ட வந்து சொல்லு, அப்புறம் எழுது." கடிதத்தை மடிக்காமல் மேசையில் வைத்தார். "இதைக் கொண்டாந்ததால மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்காத."

"நெனைக்கல."

"குடு அவளை. என்னடி, பிள்ளையை இப்படி எளைக்க விட்டிருக்க?"

பிப்ரவரி 3

கட்டுரையை இப்போது இதழுக்கு அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டேன். பேராசிரியருக்கு வருத்தம். எனக்குப் பயம் மட்டும்தான்.

பிப்ரவரி 11

அத்தையிடம் ஞாயிறன்று சொல்லியாகிவிட்டது. இன்று அண்ணியும் நானும் காப்பகத்துக்குப் போனோம், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணின் பெயரைப் பார்க்க. பையையும் பேனாவையும் வெளியே வைக்கச் சொன்னதும் அண்ணி, "நான் என்ன, இவங்க சாமானை எடுத்துட்டு ஓடவா வந்தேன்?" என்றார், காப்பாளர் காதில் விழும்படி.

விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம். நான் எப்போதும் 'ஆய்வு' என்று எழுதும் இடம். அண்ணி பென்சிலை அழுத்திப் பிடித்து மெதுவாக எழுதினார்: எங்கள் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போக.

பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் கையெழுத்துப் போடு."