தகட்டைத் தூக்கிய வண்டி

லாக்லன் கண்ணா,

நீ ஹாலிஃபாக்ஸ் சட்டசபைக்கு நீலக் கட்சியில் நிற்கிறாய் என்று பெட்ரோல் பங்கில்தான் கேள்விப்பட்டேன். ஊரில் எல்லாக் கதவையும் தட்டினாயாம். என் கதவை மட்டும் விட்டுவிட்டாய். பயமா?

இந்தக் கடற்கரைத் தொகுதியின் கதையை என்னிடம் கேள். இங்கே கட்சி மாறினால் பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநரும் மாறுவான். நீலம் ஜெயித்த அந்தக் குளிர்காலத்தில் வண்டி டங்கன் கையில் இருந்தது. சாலை முழுக்கப் பனியைத் தள்ளிக்கொண்டு வருவான். நம் வீட்டு மேட்டில் மட்டும் முன்தகட்டைத் தூக்கிக்கொண்டு, பனியை அப்படியே விட்டுக் கடந்துபோவான். உன் தாத்தா ஓடிப்போய் மறித்தார்.

"டங்கா, பிள்ளைக்கு மூச்சு திணறுதுடா. டாக்டர் கார் வரணும். தகட்டை இறக்குடா."

"சிவப்புக்குத்தானே ஓட்டுப் போட்டே ரோரி? அவங்களையே மண்வெட்டியோட வரச் சொல்லேன்."

டாக்டரின் கார் மேட்டடியில் நின்றுவிட்டது. தாத்தா தனியாகப் பனியை வெட்டினார். மிச்சத்தை எழுத மாட்டேன். உன் அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும்.

நேற்று உன் கட்சி ஆள் வந்தான். "பேரனை விட்டுட்டு யாருக்குப் போடப் போறீங்க பாட்டி? ஜெயிச்சா உங்க மேட்டுக்குத்தான் முதல்ல தார்" என்றான். முகத்தில் கதவைச் சாத்தினேன்.

நான் சிவப்புக்குத்தான் போடுவேன். மாதா கோயில் வாசலில் எல்லார் காதிலும் விழச் சொல்லியும் விட்டேன். நீதான் ஜெயிப்பாய் என்கிறார்கள். ஜெயித்துக்கொள். உனக்கு ஓட்டுப் போடாத வீடுகளில் ஒன்று எது என்று இப்போது உனக்குத் தெரியும். பனி விழட்டும்; நீ யார் என்று ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.

உன் அப்பாவைப் பெற்றவள்