தெலுங்குப் படத்துக்கு நீ சொன்ன தமிழ்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற கை காய்வதற்குள், நான் டிவியின் மேல் செருப்பை எறிந்தேன். ஐம்பத்து நான்கு வயது, அரசாங்க உத்தியோகம், பாகூரில் நாலு பேர் மதிக்கிற ஆள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவன் செய்கிற காரியம் இல்லைதான். குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தைச் செருப்பு என்பதால் டிவி பிழைத்தது. குறிதான் தவறிவிட்டது. நான் எறிந்தது படத்தில் இருந்த இளவரசன் மேல். செருப்பு போய்ச் சேர்வதற்குள் காட்சி மாறி, பாற்கடலில் பெருமாள் படுத்திருந்தார். சரியாக அவர் காலடியில் பட்டு விழுந்தது.

சமையலறை வாசலில் நின்று என் மனைவி பார்த்துவிட்டாள்.

"சாமி மேல செருப்ப வுடுற அளவுக்கு இன்னா ஆயிட்ச்சிங்க உங்களுக்கு?"

"சாமி மேல வுடல. அவன் மேல வுட்டேன்."

"எவன் மேல?"

உன் பேரைச் சொன்னேன். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. அவள் டிவியைத் துடைத்து, ஓரத்தில் குங்குமம் வைத்து, என்னைப் பதினோரு தோப்புக்கரணம் போடச் சொன்னாள். போட்டேன். ஆறாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதி ஐந்தையும் சோபாவைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

அதே படம்தான். ஏனாமிலிருந்து நீ கேசட்டில் கொண்டுவந்த தெலுங்குப் புராணப் படம். கறுப்பு வெள்ளையில் எவ்வளவு கண்ணியமாக இருந்தது. இப்போது அதற்கு எவனோ வண்ணம் அடித்து, தமிழில் குரல் கொடுத்து, சேனலில் விட்டிருக்கிறான். ராஜா முகம் கல்யாண வீட்டுக் கேசரி நிறம். வானம் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம். அரக்கனின் நாக்குக்கும் அரசியின் புடவைக்கும் ஒரே ரோஜா நிறம். வாளியில் மிச்சம் இருந்திருக்கும். நாரதர் வாயைத் திறந்தால் மூக்கடைத்த ஆளின் குரல் வருகிறது. தேவர்கள் கை கூப்பி "பிரபோ" என்றதும் படத்தை நிறுத்திக் கக்கூஸ் கழுவுகிற மருந்துக்கு விளம்பரம் போட்டான். தின்ற கருவாட்டுக் குழம்பு தொண்டைக்கு வந்தது எனக்கு.

வண்ணம் என்றதும் உன் பேனர் நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் இரட்டைப் பிள்ளைகள் சேர்ந்து வில்லியனூர் போகிற ரோட்டில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி வைத்தார்கள். பன்னிரண்டு அடி. மேகத்தின் நடுவில் நீ. தலையில் கிரீடம். உன் மூக்கின் மேல் இருந்த மச்சத்தைத் துடைத்து, உதட்டுக்குச் சிவப்பு போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது நீ அவ்வளவு லட்சணமாக இருந்திருந்தால் உன் மாமியார் உன் மூஞ்சியைக் குறை சொல்லியிருக்க மாட்டாள். மழைக்குப் பிறகு பாதி கிழிந்து, உன் ஒரு கண்ணும் கிரீடமும் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். துக்கத்தால் அல்ல. சகிக்கவில்லை.

நம் உத்தியோகத்தில் ஏனாம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குப் புரியாது. புதுச்சேரி அரசாங்கத்தில் சேர்ந்தவன் என்றைக்காவது ஒருநாள் தெலுங்கு தேசத்து நடுவில் இருக்கிற அந்தத் துண்டு ஊருக்குப் போயே ஆக வேண்டும். காக்கிநாடா வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். மாற்றல் பட்டியல் வருகிற மாதத்தில் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு நெஞ்சு வலி, மீதிப் பேருக்கு மாமனார் சாகக் கிடப்பார். நீ மட்டும் முதல் தடவை சிரித்துக்கொண்டே போய், இரண்டு வருடம் கழித்து ஒரு கேசட்டோடும் அரைகுறைத் தெலுங்கோடும் வந்தாய். வருகிறவன் போகிறவனை எல்லாம் கரியமாணிக்கத்தில் உன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் படம் காட்டினாய். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது என்றால், "பாஷ தெரியலன்னா இன்னாபா, மூஞ்சி தெரியுதில்ல" என்பாய். மூஞ்சியை எங்களுக்கு விட்டுவிட்டு, பாஷையை நீ எடுத்துக்கொண்டாய்.

பிறகு அந்த வருடம் வந்தது. நம் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏனாம் போக வேண்டும். யாராவது விருப்பக் கடிதம் கொடுத்தால் அவர். இல்லாவிட்டால் ஏற்கெனவே போன அனுபவம் இருக்கிற நீ. உனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து மூன்று மாதம்.

எனக்கு வீட்டில் வேறு கதை. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், மைக் கிடைத்த தைரியத்தில், என் அப்பா உட்காருவதை நடித்துக் காட்டினேன். மூன்று முறை செருமுவார், வேட்டி நுனியைப் புதுப்பெண் மாதிரி இரண்டு விரலால் தூக்குவார், பிறகுதான் நாற்காலி. மண்டபமே உருண்டு சிரித்தது. முன்வரிசையில் நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். வாசற்படியில் அப்பா நின்றிருந்ததை மேடையிலிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. மாட்டுக் கொட்டாயில் உட்கார்ந்து தின்றார். "அவன் துன்னு முடிச்சிட்டானா? அப்புறம் போடு" என்று அம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்வார்.

காணும் பொங்கலன்று நீ படம் போட்டாய். பகல் இரண்டு மணி, உன் வீட்டுக் கூடத்தில் வாடகை வீடியோ டெக்கு, இருபது இருபத்தைந்து பேர். டிவிக்குப் பக்கத்தில் கையில் ஒரு முழுக் கரும்போடு நின்றாய். அதுதான் உன் சுட்டுக்கோல். ராஜாவைச் சுட்டுவாய், மந்திரியைச் சுட்டுவாய், பாட்டு வந்தால் கடிப்பாய். படம் ஓட ஓடக் கரும்பு சின்னதாகிக்கொண்டே வந்தது.

கதையில், பாதாள லோகத்து அரக்க ராஜா இளவரசனைச் சிறையிருக்க வரச் சொல்கிறான். அவனுக்குப் பதிலாக வேறு ஆள் மனமொப்பி வந்தாலும் சரி. இளவரசன் பக்கத்தில் ஒரு குண்டுத் தோழன். இருவரும் தூணருகே நின்று நெடுநேரம் பேசுகிறார்கள். நீ தமிழ் சொன்னாய்:

"தோ, தோழன் சொல்றான். நீ போனா உன் ரெண்டு புள்ளைங்க அநாதையாப் பூடும். நான் போறேன். போய்ட்டு மூணு வருஷத்துல வந்துர்றேன். இப்ப பாரு, மூணு சொட்டுக் கண்ணீர் வுடுறான். எண்ணிக்கோ."

எண்ணினேன். திரையில் எனக்கு ஒரு சொட்டும் தெரியவில்லை; கேசட் பழசு என்று நினைத்துக்கொண்டேன். அந்த இளவரசனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அடுத்த பாட்டில்தான் பெண்ணையே பார்க்கிறான் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. பிறகு தேவர்கள் வானத்திலிருந்து பூ கொட்டினார்கள். "யாரு மேல கொட்றாங்க தெரியுமா? தோழன் மேல" என்றாய். கூட்டத்தில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். நானும் அழுதேன், சட்டையில் துடைத்தேன். நீ என்னைப் பார்க்காமல் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்றே விருப்பக் கடிதம் கொடுத்துவிட்டேன் என்று இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு ஏனாம் போன ஒரே முட்டாள் நான்தான் என்பது நான் மேடைதோறும் சொல்கிற நகைச்சுவை. நீ இருந்த மேடைகளிலும் சொல்லியிருக்கிறேன். நீ சிரித்ததில்லை.

மூன்று வருடம். அங்கே நான் கற்ற தெலுங்கு சோறு, குழம்பு, பஸ் எப்போது என்பதோடு முடிந்தது. ஊரைக் குறை சொல்ல மாட்டேன். கோதாவரிக் கரையில் சாயங்காலம் காற்று நன்றாக வரும். நான்தான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் வருடச் சித்திரையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது: அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கிளம்பு. பஸ், ரயில், இன்னொரு பஸ். பாகூரில் இறங்கியபோது நிறுத்தத்தில் நீ நின்றிருந்தாய். தலை மொட்டை. ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெயிலு தாங்கலபா. வெச்சிகினு இருக்க முடியாதுன்ட்டாங்க," என்றாய். "பங்காளிங்க ஒருத்தனப் பாத்து ஒருத்தன் நின்னுகினு இருந்தானுங்க. நான்தான் கொள்ளி வெச்சேன். தப்புன்னா ரெண்டு அறை அறைஞ்சிடு."

அறையவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கடசியா எதனா சொன்னாரா?"

நீ மொட்டைத் தலையைத் தடவினாய். "சொன்னாரு. ஏனாம்ல அவனுக்குப் புழுங்கரிசிச் சோறு கெடைக்குதான்னு கேட்டாரு. ரெண்டு தபா கேட்டாரு."

அந்த ஒரு வரியில்தான் நான் மிச்ச ஆயுளை ஓட்டினேன். ஏன் பொய் சொல்கிறேன். இப்போதும் அதில்தான் ஓட்டுகிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தூணருகே இளவரசனும் குண்டனும். முதல் தடவையாக அவர்கள் பேசுவது எனக்குத் தமிழில் கேட்கிறது. அவன் தோழனே இல்லை, அரண்மனைக் கோமாளி. இளவரசன் அவனிடம், பாதாளத்தில் நெய் ஊற்று இருக்கிறது, லட்டில் மலை இருக்கிறது, போனால் சுரண்டிச் சுரண்டித் தின்னலாம் என்கிறான். குண்டன் வயிற்றைத் தடவிக்கொண்டு குதித்துப் போகிறான். இளவரசன் நாரதரைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்: "இந்த மடையன் எதைச் சொன்னாலும் நம்புவான், சுவாமி." பூ கொட்டுகிறது. இளவரசன் மேல். தப்பித்துவிட்டான் அல்லவா, அதற்கு.

அப்போதுதான் செருப்பு.

என்னை ஏமாற்றியது கூடப் பெரிதில்லை. இரட்டைப் பிள்ளைக்காரன், பயந்துபோய் ஒரு வேலை செய்தாய். உன் இடத்தில் நானாயிருந்தால் தெலுங்கோடு சமஸ்கிருதத்துக்கும் அர்த்தம் சொல்லியிருப்பேன். எனக்குக் குமட்டியது வேறு. நீ பொய் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு கணக்குச் சேர்த்திருக்கிறாய். ரெண்டு பிள்ளை. மூணு வருஷம். மூணு சொட்டு. அப்படியானால் அந்த ரெண்டு தபா? பேச்சை நிறுத்தியிருந்த மனிதர், என் முகத்தைப் பார்க்கக் கூசிக் கொட்டாயில் தின்ற மனிதர், சாகும்போது என் சோற்றைப் பற்றியா கேட்டார்? அல்லது அவருடைய மூஞ்சியைப் பார்த்து நீயாக ஒரு தமிழ் சொன்னாயா? கேட்கலாம் என்றால் நீ மேகத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். அம்மாவும் இல்லை. இனி இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மாதிரி ஓர் அசிங்கத்தை ஒரு சிநேகிதன் விட்டுவிட்டுப் போவானா?

இதையெல்லாம் மனைவியிடம் கத்தினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அவுருதான் உங்க அப்பாவுக்குத் தல மொட்ட போட்டுகினாரு. அது எந்த பாஷைல வருது?"

"அது வேற. என்ன ஏமாத்தி அனுப்புனது அவன்தான? இல்லன்னா நான் இங்கியே இருந்திருப்பேன். எங்கப்பா என்கிட்டயே கேட்டிருப்பாரு."

"பேசாத மனுஷன் எப்புடிங்க கேப்பாரு?"

"பேசியிருப்பாரு. போனதாலதான் பேசல."

"செரி. அவுரு சொல்லித்தான் போனேன்னு எதுலனா எழுதி கீதா?"

எழுதியிருக்கிறது என்றேன். பரணில் ஏறினேன், இடுப்பு வலியோடு. பழைய கோப்பில் விருப்பக் கடிதத்தின் நகல் இருந்தது. மடித்த இடத்தில் கிழிந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. நின்றபடியே படித்தேன். கீழே இறங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

புழுங்கரிசி வரியை நான் உனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அது நீ சொன்னதோ அவர் சொன்னதோ, என்னிடமே இருக்கட்டும். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் யாரோ இரண்டு தடவை கேட்கிறார்கள். கிடைக்கிறது என்று நானும் இரண்டு தடவை சொல்லிக்கொள்கிறேன். உன்னைத் திட்டுவதையும் நிறுத்தப்போவதில்லை. அந்தப் பேனரை மட்டும் உன் பிள்ளைகளிடம் சொல்லிக் கழற்ற வைக்கிறேன்.

கடிதத்தில் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை, தேதியோடு. போகிக்கு முதல் நாள். நீ படம் போட்டதற்கு நான்கு நாள் முன்னால்.