மோட்டாரை நிறுத்தப் போனேன்

அன்புள்ள வளர்மதிக்கு,

உன் முட்டிவலி தேவலையா, பிள்ளைகள் சுகமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. திருப்பூர் ஆஸ்பத்திரியில் என் கை இரண்டையும் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். மில்லிலிருந்து நான் போனில் சொன்ன சளிக்காய்ச்சல் கொஞ்சம் முற்றிவிட்டது. வாயில் குழாய் விட்டு, மெஷின்தான் மூச்சு கொடுத்தது. மயக்க மருந்தைக் குறைத்ததும் என் புத்தி திருமானூர் வந்துவிட்டது. மெஷின் சத்தம் நம் போர்வெல் மோட்டார் சத்தமாகக் கேட்டது. வயல் நிரம்பி வரப்பு உடையப்போகுது, இவள் தூங்குகிறாளே என்று உன்னைத் திட்டிக்கொண்டே குழாயைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரை நிறுத்தச் சொல்லி முனகினேனாம். நர்ஸ் ரீனா, நம் வரதராஜன்பேட்டைப் பெண், "அது மோட்டரு இல்லப்பா, உங்க மூச்சு. நிறுத்திப்புடாதீங்க" என்றதாம். அதற்குப் பிறகுதான் திரும்பக் குழாய் விட்டுக் கையைக் கட்டினார்கள்.

இப்போது குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் எது நடந்தது, எது மயக்கம் என்று இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. வீட்டில் ஒருநாளும் செய்யாதவள் நீ வந்து என் காலை அமுக்கிவிட்டாயே, அது நிஜமா? நர்ஸைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீ வந்திருக்கவில்லையென்றால், எலுமிச்சை ஊறுகாயும் என் கைலியும் எடுத்துக்கொண்டு வா. பார்சல் அனுப்பாதே.

டாக்டர் வருகிறார், முடிக்கிறேன்.

உன் குழந்தைவேல்

காலையில் ஒரு பூனை என் கட்டிலில் ஏறியது. இதுவும் மயக்கம்தான் என்று பேசாமல் படுத்திருந்தேன். எனக்கு வைத்திருந்த பால் முழுவதையும் குடித்துவிட்டுப் போய்விட்டது.