அம்மா உட்கார்ந்த கூட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் நலம் என்றுதான் இத்தனை நாளும் போனில் சொல்லி வந்தேன். உன் குரலைக் கேட்டதும் பேரனைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அம்மாவுக்குக் கச்சிதம். கழற்றவே மாட்டேன் என்கிறாள். துவைப்பதற்குள் எனக்குப் பெரும்பாடு.

பழைய சண்டையெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அம்மாவின் அமைப்பு படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்க் கவனித்தது. சாப்பாட்டு அக்காவின் அமைப்பு சமைத்து அனுப்பியது. வேன்காரரின் அமைப்பு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. மூன்று பேருக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காது. ஒரு வீட்டுக்கு மூவரும் போவார்கள், பக்கத்து வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பின்தெருத் தையல்கார அம்மா தனியாக விழுந்து இறந்துகிடந்ததும் அப்படித்தான். மற்றவர்கள் போயிருப்பார்கள் என்று மூவருமே இருந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் இருவரையும் நம் வீட்டுக்கே வரவழைத்தாள். போர்டுல யார் பேரு மேல வரணும்னு அப்புறமா அடிச்சுக்கலாம், முதல்ல மூணு பேருக்கும் ஒரே போன் நம்பர் வைப்போம் என்றாள். மூவருக்கும் பொது ஆபீசாகச் சைக்கிள் கடை மாடி அறையை எடுத்தார்கள். கீழே, கடைக்குப் பின்னால், முதியவர்கள் பகலில் இருக்க ஒரு கூடம். சண்டை நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன்பிறகு யாரும் அப்படி விழுந்து கிடக்கவில்லை.

இனி நான் மறைத்தது. போன மழைக்காலத்திலிருந்து அந்த வேன் நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அம்மா கைப்பையோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். வேலைக்குப் போவதாக நினைப்பு. கூடத்தில் மற்ற முதியவர்களோடு போர்வை மடிக்கிறாள், ஜன்னலை ஏன் திறக்கவில்லை என்று அங்கே இருக்கும் நர்ஸை அதட்டுகிறாள். யாரும் அவளைத் திருத்துவதில்லை.

வீட்டில் நான் அவளுக்கு மின்சாரம் பார்க்க வந்த ஆள். சார், ஃபேனு சத்தம் போடுது, பாருங்க என்பாள். நாற்பது வருஷம் பார்த்த வேலைதானே, நானும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவேன். டீ கொடுத்து மரியாதையாக அனுப்பி வைப்பாள். வாசல் வரை போய்த் திரும்பி வருவேன். சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன்.

சென்ற வாரம் அவளைக் குளிப்பாட்டும்போது மயங்கி விழுந்துவிட்டேன். நெஞ்சில் ஏதோ அடைத்ததுபோல் இருந்தது. பயப்படாதே, இப்போது எழுந்து நடமாடுகிறேன். சேதி தெரிந்ததும் மூன்று அமைப்புக்காரர்களும் மாடியில் கூடி என்னையும் கூப்பிட்டார்கள். பேச்சு ஆரம்பித்தபோது கீழே கூடத்தில் இருந்த அம்மா படியேறி வந்து, தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போகச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வேன்காரர் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். நினைவு தப்பிய ஒரு அம்மா, வீட்டில் கணவர் மட்டும் என்று. அம்மா தலையசைத்துக் கேட்டாள். பிறகு, அந்த மனுஷனை யாராவது போய்ப் பார்த்தீங்களா, பார்த்துக்கிறவங்கதானே முதல்ல படுப்பாங்க என்றாள். சாப்பாட்டு அக்கா உடனே, அவருக்கும் சேர்த்தே அனுப்புறேன் என்றார். வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டுக்கு வருவதாக நர்ஸ் ஒத்துக்கொண்டாள். என்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேன்காரர் ஏற்பாடு செய்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. பிள்ளைங்க இருக்காங்களா என்றாள். ஒரு பெண் இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி, அதனால் இன்னும் சொல்லவில்லை என்று நான்தான் பதில் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம். சொல்லாம இருக்க நீங்க யாருங்க சார், அம்மா இருந்தும் இல்லாம போனப்புறம் அந்தப் பொண்ணு வந்து நின்னா யாரு பதில் சொல்றது என்று கேட்டாள். வேன்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இப்போது சொல்லிவிட்டேன், கண்ணு. உன் பெயரை மட்டும் இன்னும் சரியாகச் சொல்கிறாள். சில நாள் என்னைப் பார்த்தும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறாள். லீவு கிடைத்தால் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கிடைக்காவிட்டாலும் வா. பேரனையும் கூட்டிக்கொண்டு வா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் இதில் உண்டு. சற்று முன் அவளிடம் கேட்டேன். யாருக்கு என்று கேட்காமலே கையைத் தூக்கி, நல்லா இருக்கட்டும் என்றாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா