உள்தாளில் உன் பெயர்

மெம்ஃபிஸ், வியாழன்

அன்புத் தம்பி,

என் ராப் ஆல்பம் அடுத்த மாதம் வருகிறது. பெயர்தான் தனி ஆல்பம். பதினான்கு பேர் வந்து பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கெளுத்தி மீன் பொரித்தே அம்மா களைத்துப் போனாள்.

சுடப்பட்டுச் செத்துப்போன நம் பையன்களின் பெயர்களைக் குறுந்தகட்டின் உள்தாளில் போடுவது வழக்கம் அல்லவா? பாடியவர்கள் ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அட்டை வடிவமைக்கும் லவெல் நேற்று போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க தம்பி எப்ப தவறினாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

பட்டியலில் நீ இருக்கிறாய். பட்டப்பெயரோடு, எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

"யாரு சீட்டுலடா இருந்துச்சு?"

"டைப் பண்ணதும் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேனே."

உனக்கு நாள் குறித்த எவனோ அவசரப்பட்டு முந்திக்கொண்டான்.

பதினான்கு பேரும் என்னைக் கட்டிப்பிடித்தவர்கள்தான். பதினான்கு பேருமே கேட்டார்கள்: "தம்பி எங்கடா? சனிக்கிழமை விருந்துக்கு வருவான்ல?" பாசம் என்று நினைத்து, வருவான் என்று சொல்லிவிட்டேன்.

வராதே. அத்தை வீட்டை விட்டும் இன்றே கிளம்பு. எங்கே போகிறாய் என்று எனக்குக்கூடச் சொல்லாதே. என் வாய் அடங்காது; அதை வைத்துத்தானே பிழைக்கிறேன்.

உன் பெயரை எடுக்க வேண்டாம் என்று லவெலிடம் சொல்லிவிட்டேன். எடுத்தால், நமக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதியவனுக்குத் தெரிந்துவிடும்.

அந்த உள்தாளின் மாதிரி அச்சு இன்று வீட்டுக்கு வந்தது. "காட்டுடா, காட்டுடா" என்று அம்மா நச்சரிக்கிறாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்