மருந்துக்கடைக்காரர் சொன்ன தலைவலி

எபியின் அப்பாவுக்கு,

ஊரார் கழுத்தையெல்லாம் தொட்டுப் பார்க்கிற என்னிடம் உங்கள் கழுத்தை மட்டும் ஏன் காட்ட மறுக்கிறீர்கள்? நேரில் கேட்டால் என் குரல் உயரும், அதனால் எழுதுகிறேன்.

மருந்துக்கடை அண்ணாச்சி உங்களுக்கு ஒற்றைத் தலைவலி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒற்றைத் தலைவலி என்றால் குமட்டும், வெளிச்சம் கூசும். உங்களுக்கோ பைக்கில் திரும்பிப் பார்த்தாலே பிடரியில் தொடங்கிக் கண்வரை ஏறுகிறது. அது கழுத்திலிருந்து வருவது. தினமும் விழுங்கும் மாத்திரையே இன்னொரு தலைவலியைக் கொண்டுவரும் என்றேன்.

"மருந்துக்கடை அண்ணாச்சிக்குத் தெரியாததா? நீ கழுத்தப் பிடிச்சு விடுதவதான!" என்று எபி முன்னால் சிரித்தீர்கள்.

மறுநாள் என் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தீர்கள். எழுந்து வந்த என்னை விலக்கிவிட்டு, என்னிடம் பயிலும் ஜெசியிடம் கழுத்தைக் காட்டினீர்கள். "கழுத்துல இருந்துதான் வருது சார், மாத்திரய விட்ருங்க" என்றாள். "சரிம்மா" என்று உடனே தலையாட்டினீர்கள்.

கோபம் தணியாமல்,
உங்கள் மனைவி