கடம்பவாயிலிலேயே குடியிருக்க இசைவு

வெண்ணாவல் நாட்டின் முடியுடை அரசியும் அதன் இருகரை நீருக்குக் காவலுமாகிய செங்கோதை தேவி, நெடுமதில் அரண்மனையிலிருந்து, நீர்நிலை அமைச்சர் ஆதன் அழிசிக்கு விடுக்கும் ஓலை. நீரும் உம் மனைவி வேண்மாளும் நலம் பெறுக. உம் ஊர் ஏரி நிறைக.

சென்ற மழையில் உடையவிருந்த மதகைக் காத்து இந்நகரை வாழவைத்தீர். அந்த நன்றியால், மதிலுக்குள் கன்னார் தெருவில் உமக்கொரு மாளிகை அளித்தோம். நீரோ, மதிலுக்கு வெளியே கடம்பவாயிலில் வாழ்வதையே மனம் விரும்புகிறது என்றும், அவைக்கு அழைக்கும் முரசு கேளாத இடத்தில் அமைச்சர் குடியிருத்தலாகாது என்பது வழக்கமாதலால் பதவியைத் துறப்பதாகவும் எழுதினீர். நகரைப் பழித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. அதற்கும் நன்றி, கடைத்தெருவின் இரைச்சல் காதில் விழாத நாளில் எமக்கு உணவு இறங்குவதில்லை.

மதிலுக்கு வெளியே முரசு கேளாது என்று அவையோர் அனைவரும் உரைத்தனர். கேட்டுப் பார்த்தவர் எவர் என வினவினோம், ஒருவருமில்லை. ஆகவே கண்காணி நன்னாகனை விடியலில் உம் இல்லத்துக்கு அனுப்பினோம். வயல்களைக் கடந்து முரசொலி மெலிதாக, ஆயினும் தெளிவாக வந்தது என்றார். மறுநாள் கன்னார் தெரு மாளிகையில் இருந்து கேட்டார். கன்னார் செம்பு தட்டும் ஓசையில் முரசு சிறிதும் கேட்கவில்லையாம். முன்பு அங்கே வாழ்ந்த அமைச்சர்கள், தெருவில் பிறருடைய பல்லக்குகள் விரைவதைக் கண்டே அவைக்குக் கிளம்பினர் என்று அண்டை வீட்டார் சிரித்தனராம்.

மாளிகையில் குறை ஏதும் உண்டோ என்று நன்னாகன் உம் மனைவியாரைக் கேட்டதற்கு, "வீடு நல்லாத்தான் இருக்குங்க ஐயா. இவருக்கு அங்கே தூக்கம் வரணுமே" என்றாராம். இதற்குமேல் எமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

எனவே உம் பதவி உமக்கே உரியது. இனி முரசு காதில் விழும் இடமாயின், மதிலுக்கு உள்ளே வாழ்வதோ புறத்தே வாழ்வதோ அவரவர் விருப்பம். மாளிகையை, சந்தடியின்றி வாழமாட்டாத எம் கூத்தர் தலைவிக்கு அளித்தோம். அவர் நேற்றே குடிபுகுந்தார்.

அரசி தந்ததை வேண்டாம் என்று அரசிக்கே எழுதவல்ல ஒருவர் எம் அவையில் இருத்தல் வேண்டும். நாளை முரசு கேட்டதும் வருக. இது வேண்டுகோளன்று, ஆணை.

எம் கைப்பட எழுதி, நாவல் இலைப் பொறியிட்டோம்.